கேட் மீட்டிங்கில் நான் தூக்கிய கை

அவர் தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்படத் தொடங்கி ஐந்து வருடம் கழித்துத்தான் அந்தத் தேர்தல் வந்தது. எனக்காக வந்த தேர்தல் இல்லை அது. எங்கள் கம்பெனியில் இரண்டு சங்கங்கள் இருந்தன. நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் உரிமை எந்தச் சங்கத்துக்கு என்பதை ரகசிய வாக்கெடுப்பு வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று புதிய சங்கத்துக்காரர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். உத்தரவு வந்து, நோட்டீஸ் போர்டில் தாளை ஒட்டினார்கள். எல்லாரும் முண்டியடித்துப் படித்தார்கள். நான் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, தனியாகப் போய் இரண்டு முறை படித்தேன். பழைய சங்கத்தின் செயலாளராக அவர் பெயர் அதில் அச்சாகியிருந்தது. அந்தப் பெயரின் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மை ஒட்டவில்லை. ஆனால் நன்றாக இருந்தது.

எங்கள் தொழிற்சாலை அரியமங்கலத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பாய்லர்களுக்கும் பெரிய தொட்டிகளுக்கும் வேண்டிய இரும்பு உருளைகளைச் செய்து அனுப்புகிறோம். தடித்த இரும்புத் தகட்டை மூன்று ரோலர்களுக்கு இடையே கொடுத்து வளைத்து எடுக்கும் மெஷினில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். தகடு உள்ளே போகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

செயலாளர் லால்குடிக்காரர். வெல்டிங் பிரிவிலிருந்து சங்கத்துக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த மாதமே சங்க உறுப்பினர் அட்டையை என் சட்டைப் பையில் செருகி, "இனிமே ஒனக்கு ஒண்ணுன்னா நான் இருக்கேன்" என்றார். நம்பினேன். கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போலீஸ் வேனில் எங்களை ஏற்றியபோது அவருடைய ஒரு செருப்பு ரோட்டில் விழுந்துவிட்டது. நான் கீழே குதித்து, செருப்பை எடுத்துக்கொண்டு, யாரும் பிடிக்காமலே திரும்ப வேனில் ஏறினேன். இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் என் கல்யாணம் நடந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்த அண்ணனிடம்கூட அந்தக் குரலில் நான் பேசியதில்லை.

அந்த மெஷினின் முன்பக்கத்தில், கை உள்ளே போய்விடாமல் இருக்க ஒரு கம்பி மூடி உண்டு. மூடி இருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒரு நாள் மத்தியானம் ஃபோர்மேன் அவசரமாக வந்தார். செயலாளரும் கூட வந்தார், கையில் டீ கப்போடு.

"சாயங்காலம் லாரி வருது. மூடியக் கழட்டிட்டு ஓட்டுய்யா" என்றார் ஃபோர்மேன்.

"கழட்டினா ஆபத்து சார்."

"பதினாலு வருஷமா ஓட்டுறவன் பேசுற பேச்சா இது? கழட்டு."

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஃபோர்மேன் அடங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் டீயை ஊதினார். "பாத்து ஓட்டு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

மூடியைக் கழற்றியது நான்தான். நான்கு போல்ட்டையும் என் கையால்தான் கழற்றி ஓரமாக வைத்தேன். இதை இங்கேயே தெளிவாக எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு நான் வெளியே சொன்னது வேறு.

கையுறையின் நுனியைத்தான் ரோலர் முதலில் பிடித்தது. மெதுவாக இழுத்தது என்றுதான் எனக்கு ஞாபகம். பக்கத்தில் இருந்தவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்கிறார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் போயின.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குச் செயலாளர் வந்தார். ஒரு பை நிறையச் சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழத்தை அவரே உரித்து, சுளை சுளையாக என் வாயில் ஊட்டினார். என் மனைவி சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"கம்பெனி சமாச்சாரத்த நான் பாத்துக்கறேன். நீ ஒடம்பப் பாரு" என்றார்.

"சரிண்ணே" என்றேன். வாய் நிறையப் பழம் இருந்தது.

கை ஆறி வேலைக்குத் திரும்பியபோது என்னை டூல் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். டிரில் பிட், ஸ்பேனர், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுக்கும் வேலை. விபத்துக்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்று தொழிலாளர் துறையில் மனுப் போட்டேன். சில மாதம் கழித்து நிர்வாகம் பதில் தாக்கல் செய்தது. கன்டோன்மென்ட்டில் என் வக்கீலின் அறையில் அந்தக் காகிதக் கட்டைப் பிரித்தோம். வக்கீல் ஒரு தாளை உருவி என் பக்கம் தள்ளினார்.

"இத எழுதினவரத் தெரியுமா உங்களுக்கு?"

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. என் உறுப்பினர் அட்டையில் இருக்கும் அதே கையெழுத்து. "மேற்படி தொழிலாளி பாதுகாப்பு மூடியைத் தன்னிச்சையாகக் கழற்றிவிட்டு வேலை செய்ததை நான் நேரில் பார்த்தேன்" என்று எழுதியிருந்தது. கீழே தேதி, காலை பத்து மணி என்று நேரம். ஆஸ்பத்திரிக்கு அவர் வந்த நாள். காலையில் இதை எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து எனக்குப் பழம் ஊட்டியிருக்கிறார்.

பொய் என்று அதை ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நான் கழற்றியதை அவர் பார்த்தார்தான். தன்னிச்சையாக என்ற ஒரு வார்த்தையை உள்ளே நுழைத்து, ஃபோர்மேனை வெளியே தள்ளிவிட்டார். தவறு என்னுடையது என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த வாரமே சங்க அலுவலகத்துக்குப் போய் அவர் முன்னால் தாளை வைத்தேன். எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

"அதெல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்கு எழுதுறதுப்பா. பெருசா எடுத்துக்காத."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அண்ணே இல்லை, சார்தான். அந்த மாற்றத்தை அவர் கவனித்தாரா என்று தெரியாது. நான் ஒவ்வொரு முறையும் கவனித்தேன்.

ஐந்து வருடம் என்பது பெரிய காலம். சிலருக்கு அதற்குள் கோபம் ஆறிவிடும். எனக்கு ஆறவில்லை. சோறு பிசையும்போது, சட்டைப் பட்டன் போடும்போது, கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது ஒவ்வொரு நாளும் அவர் ஞாபகம் வந்தது. அவருக்கு நெஞ்சுவலி வரவேண்டும், பஸ்ஸில் அடிபட வேண்டும் என்றெல்லாம் நான் நினைத்ததில்லை. கம்பெனி முழுக்கப் பார்க்க அவர் தோற்க வேண்டும், தோற்ற பிறகு உயிரோடு இருந்து அதே கேட் வழியாகத் தினமும் உள்ளே வரவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

உத்தரவு வந்த மூன்றாம் நாள், புதிய சங்கத்தின் தலைவர் என் ஜன்னலுக்கு வந்தார். ஃபிட்டர், ஒல்லியான ஆள். சட்டம் பேசுவார். கேட்காமலே பேசுவார்.

"நீங்க எங்க பக்கம் வந்தா நல்லாருக்கும்ங்க. உங்களப் பத்தித் தெரியாதவங்க இங்க யாரு இருக்காங்க?"

"உங்க சங்கத்துல நான் சேர மாட்டேன்" என்றேன். "அவர் தோக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

"அது போதுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததற்குச் சாக்காக ஒரு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போனார்.

டூல் ரூம் ஜன்னலில் ஒரு பலகை உண்டு. அதன் மேல் கண்ணாடி. பொருள் வாங்குகிறவர்கள் அந்தக் கண்ணாடி மேல் நோட்டை வைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் எழுதிக் கொடுத்த தாளின் நகலைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். நோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான் என் பிரசாரம். யாரையும் நான் தேடிப் போகவில்லை. நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு தடவையாவது அந்த ஜன்னலுக்கு வந்தே தீரவேண்டும். குனிந்து கையெழுத்துப் போடும்போது கண் தானாக அங்கே போகும். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் சிலர் நிமிராமல் நிற்பார்கள். நான் பொருளை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

ஸ்டோர் அதிகாரி ஒரு நாள் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவருக்கு ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. "கண்ணாடியத் தொடச்சு வை, தூசியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வாரம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, "தன்னிச்சையான்னு எழுதியிருக்காரு பாருங்க" என்பேன். ஃபோர்மேன் சொல்லித்தான் நடந்தது என்பேன். இரண்டும் உண்மை. இரண்டாவது வாரம் கிரேன் ஓட்டுகிறவர் வந்தார். மணப்பாறைக்காரர், கம்பெனியில் எல்லாருக்கும் வேண்டியவர். ஊருக்குப் போய்வந்தால் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து ஒவ்வொரு பிரிவாகக் கொடுப்பார். அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் நாற்பது பேர் சாய்வார்கள். தாளை நிதானமாகப் படித்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மத்ததெல்லாம் விடு. மூடியக் கழட்டினது நீயா இல்லையா? அத மட்டும் சொல்லு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆமாம், ஃபோர்மேன் சொன்னார், நான் கழற்றினேன், செயலாளர் பார்த்துக்கொண்டு நின்றார் என்று. அதுவே போதும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த 'ஆமாம்' என் வாயிலிருந்து வெளியே வந்தால், ஆட்கள் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன்.

"நான் தொடவே இல்ல" என்றேன்.

"சத்தியமா?"

"என் கை மேல சத்தியமா."

அவர் என் கையைப் பார்த்தார். முறுக்குப் பொட்டலம் ஒன்றைப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது: மூடியை நான் கழற்றவே இல்லை, செயலாளர் கூசாமல் பொய் எழுதியிருக்கிறார்.

அதற்கப்புறம் பஸ்ஸே இரண்டாகப் பிரிந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் பக்கத்து வரிசையில் பழைய சங்கம், இந்தப் பக்கம் புதிய சங்கம். காவிரிப் பாலம் தாண்டும் வரை யாரும் பேச மாட்டார்கள். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துத் தலைகளையும் எண்ணுவேன். ஒரு நாள் காலையில் கிரேன்காரர் பழைய சங்க வரிசையிலிருந்து எழுந்து புதிய சங்க வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கு அன்று முழுக்கப் பசியே எடுக்கவில்லை.

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி வாசலில் பழைய சங்கத்தின் கேட் மீட்டிங். செயலாளர் நாற்காலி மேல் ஏறி நின்று மைக்கில் பேசினார். முப்பது வருட வரலாறு சொன்னார். கேன்டீன் வந்ததும், பஸ் வந்ததும் யாரால் என்று கேட்டார். எல்லாம் உண்மைதான். ஆனால் கூட்டம் கைதட்டவில்லை. எனக்குப் பின்னால் நின்ற யாரோ, "அந்தப் பேப்பரப் பத்திச் சொல்லுங்க!" என்று கத்தினார்கள். இன்னொரு குரல், "பொய்க் கையெழுத்து!" என்றது.

செயலாளர் முகம் மாறிவிட்டது. கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தா நிக்கிறான் பாருங்க. அவன் வாயாலயே சொல்லட்டும்" என்றார். மைக்கில் அவர் குரல் உடைந்தது. "தம்பி, நீ சொல்லு. மூடியக் கழட்டினது யாரு? நீ கழட்டலேன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லு. நான் இப்பவே எறங்கிப் போயிடறேன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அத்தனை பேருக்கு முன்னால் அந்தப் பொய்யை மறுபடியும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஃபோர்மேன் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

வலது கையைத் தூக்கினேன். தலைக்கு மேல், எல்லாருக்கும் தெரியும்படி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருக்கும் அந்தக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

எழுந்த சத்தத்தில் மைக் சத்தம் அமுங்கிப் போனது. "எறங்கு! எறங்கு!" என்று கத்தினார்கள். அவர் மைக்கை வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார், வாய் அசைவது மட்டும் தெரிகிறது. யாரோ நாற்காலியின் காலைப் பிடித்து ஆட்டினார்கள். அவர் இறங்கினார். இறங்கும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். ஆச்சரியம்தான் இருந்தது. நான் அப்படிச் செய்வேன் என்று அவர் நினைக்கவில்லை. அவரும் இப்படிச் செய்வார் என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததில்லை.

மறுநாள் கேன்டீனில் வாக்குப்பதிவு. தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்து மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையலை நிறுத்தியிருந்தாலும் சாம்பார் வாசனை போகவில்லை. வாக்குச்சீட்டில் பழைய சங்கத்துக்குக் குடை, புதிய சங்கத்துக்குச் சாவி. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஓட்டு இல்லை. அவர்கள் வழக்கம்போல வேலை செய்துகொண்டே எட்டி எட்டிப் பார்த்தார்கள். அட்டை மறைப்புக்குள் நின்று முத்திரைக் கட்டையை இரண்டு விரலால் பிடித்து, சாவியின் மேல் அழுத்தினேன். தேவைக்கு மேல் அழுத்தினேன் என்று நினைக்கிறேன், மை பரவிவிட்டது. செல்லாத ஓட்டாகிவிடுமோ என்று சாயங்காலம் வரை அதே கவலை.

எண்ணி முடித்தபோது அறுபத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் குடை தோற்றது. வெளியே வெடி வெடித்தார்கள். புதிய சங்கத் தலைவர் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கழுத்தில் மாலை போட்டார்.

"ஒரு தடவை கையத் தூக்குங்க. போட்டோ எடுக்கறாங்க."

தூக்கினேன். அடுத்த வாரம் கம்பெனி மதில் முழுக்க அந்தப் படம்தான் போஸ்டராக ஒட்டியிருந்தது. என் முகம் பாதி வெட்டுப்பட்டு, கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கு வருத்தம் இல்லை. அவர் தினமும் அந்த மதிலைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

வந்தார். சங்க அங்கீகாரம் போனதால், வேலை செய்யாமல் சங்க வேலை மட்டும் பார்க்கும் சலுகை அவருக்குப் போய்விட்டது. இருபது வருடம் கழித்து வெல்டிங் பிரிவுக்குத் திரும்பினார். பழைய நீலச் சட்டை வயிற்றில் பட்டன் போட முடியாமல் இறுகியிருந்தது. முதல் நாள் கையுறையும் வெல்டிங் கண்ணாடியும் வாங்க என் ஜன்னலுக்கு வந்தார். நோட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தார். கண்ணாடிக்கு அடியில் அவருடைய தாள் அப்படியே இருந்தது. தேர்தல் முடிந்தும் நான் அதை எடுக்கவில்லை, இவருக்காகவே விட்டு வைத்திருந்தேன். அதன் மேலேயே நோட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் கையுறையைக் கொடுத்தேன்.

"சைஸ் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சார்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து எழுத மாட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் கேன்டீனில் அவர் தனியாக உட்கார்ந்தார். அவருடைய மாப்பிள்ளை, மகளைக் கட்டியவர், அதே கம்பெனியில் மெஷின் பிரிவில் வேலை பார்க்கிறார். மாமனார் உட்கார்ந்தால் அவர் வேறு மேஜைக்குப் போய்விடுவார். இதை நான் என் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன். பார்க்கலாம் என்பதற்காகவே சாப்பாட்டு டப்பாவை ஜன்னலோரத்தில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றார். லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். என் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்காலி எடுத்துப் போட்டாள், காபி கொண்டுவந்தாள். அவர் காபியைத் தொடவில்லை.

"ஓட்டப் பத்திப் பேச வரல" என்றார். "அது முடிஞ்சு போச்சு. நான் அன்னிக்கு எழுதினது தப்புதான். எழுதலேன்னா போலீஸ், கேஸ், மெஷினுக்குச் சீலுன்னு போயிருக்கும். சம்பள ஒப்பந்தப் பேச்சு நடந்துக்கிட்டிருந்த நேரம். எல்லாரையும் பாக்கறதா, ஒன் ஒருத்தனப் பாக்கறதான்னு யோசிச்சேன். ஒன்ன விட்டுட்டேன். அது தப்பு."

ஐந்து வருடம் நான் கேட்க நினைத்த வார்த்தைதான். அது வந்தபோது எனக்கு எதுவும் ஆகவில்லை.

"ஆனா நான் பாக்காதத எழுதல. அது ஒனக்குத் தெரியும். என் மாப்பிள்ளை என்கூடப் பேசறதில்ல. பொண்ண அனுப்ப மாட்டேங்கறாரு. பாக்காதத பாத்தேன்னு எழுதினவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்றாரு. ஊருக்கெல்லாம் நீ சொல்ல வேணாம். அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லு தம்பி. மூடியக் கழட்டினது நான்தான்னு."

"முடியாதுங்க சார்."

"ஒரே ஒரு ஆளுகிட்ட."

"நீங்களும் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினீங்க" என்றேன். "காபி ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர் காபியைக் குடித்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, என் மனைவியிடம் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் நடந்ததை முதலில் நான் சொன்னது இவளிடம்தான். போல்ட்டை எங்கே வைத்தேன் என்பதுவரை இவளுக்குத் தெரியும்.

"சொல்லிடுங்களேன். தோத்துட்டாரு. இன்னும் என்ன வேணும்?"

"ஒனக்குப் புரியாது."

"தெனமும் நான்தான் ஒங்களுக்குச் சட்டைப் பட்டன் போட்டு விடறேன். எனக்குப் புரியாதா?"

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடக்கப் போய்விட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. ஏழு மணிக்கு மேல்தான் வந்தாள். வெளியே போவதற்கென்று வைத்திருக்கும் புடவையைக் கட்டியிருந்தாள்.

"எங்க போயிட்டு வரே?"

"அவரோட மாப்பிள்ளை வீட்டுக்கு."

முதலில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

"சொல்லிட்டேன்" என்றாள். "ஃபோர்மேன் சொன்னாரு, எங்க வீட்டுக்காரர் கழட்டினாரு, ஒங்க மாமா பாத்தாருன்னு. நடந்தது அத்தனையும் சொன்னேன். ஒங்க மாமா பண்ணினது நல்ல காரியம்னும் நான் சொல்லல. பாக்காதத எழுதலைன்னு மட்டும் சொன்னேன்."

"யாரக் கேட்டுப் போன?"

"யாரையும் கேக்கல. நீங்க கையத் தூக்கினப்ப என்னையா கேட்டீங்க?"

ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்ததை ஒரு சாயங்காலத்தில் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள் என்று இருந்தது. அந்த வாரம் சட்டைப் பட்டனை நானே போட்டுக்கொண்டேன். ஒரு சட்டைக்குக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

மாப்பிள்ளை அடுத்த திங்கட்கிழமை என் ஜன்னலுக்கு வந்தார். பதினாறு எம்எம் டிரில் பிட் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார், கத்துவார் என்று உள்ளுக்குள் தயாராகி நின்றேன். பிட்டை வெளிச்சத்தில் தூக்கி முனையைச் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டார். மதியம் கேன்டீனில் மாமனாரும் அவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மாமனார் டப்பாவிலிருந்து இவர் ஒரு கரண்டி பொரியல் எடுத்துக்கொண்டார்.

நான் என் சாப்பாட்டு டப்பாவை உள்ளே எடுத்துப் போய்விட்டேன்.

மாப்பிள்ளை இதை வேறு யாரிடமாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கிரேன்காரர் இன்னும் முறுக்குக் கொண்டுவருகிறார், என் பலகையில் வைக்கிறார். அவர் ஜன்னலை நோக்கி நடந்து வரும்போதெல்லாம், இன்றைக்குத் தெரிந்திருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்க்கிறேன். செயலாளருக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. தினமும் கேட் வழியாக வருகிறார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நான் அவரை மன்னிக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள், எழுதும்போதாவது என் மனசு இளகியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். தேர்தலை நாளைக்கே திரும்ப நடத்தினாலும் அவர் எதிர்ப் பக்கம்தான் என் முத்திரை விழும்.

மனைவியோடு பேச ஆரம்பித்துவிட்டேன். சட்டையை நீட்டினேன், பட்டன் போட்டுவிட்டாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் இதுவரை பேசவில்லை.